ஒரு எம்எல்லில் எத்தனை எம்ஜி? மருந்து லேபிளைப் படிப்போம்

வணக்கம். என் கையில் இரண்டு பாட்டில் இருக்கிறது, பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். இரண்டுமே பாராசிட்டமால், குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. பெரியது சிரப். லேபிளில் 5 எம்எல்லுக்கு 120 எம்ஜி என்று போட்டிருக்கிறது. சின்னது சொட்டு மருந்து. இதில் 1 எம்எல்லுக்கு 100 எம்ஜி.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா போன் பண்ணினாள். பத்து மாதக் குழந்தை, எடை 8 கிலோ, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. வீட்டில் சிரப் தீர்ந்துவிட்டது. மாமா கடைக்கு ஓடி, காய்ச்சல் மருந்து என்று கேட்டு, இந்தச் சொட்டு மருந்தை வாங்கி வந்திருக்கிறார். "போன வாரம் டாக்டர் 5 மில்லி கொடுக்கச் சொன்னாரே, இதிலும் அதே 5 மில்லிதானே?" என்று கேட்டாள். பாலாடையில் ஊற்றி வைத்துக்கொண்டுதான் கேட்டாள். பதினான்கு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாக்டர் கிலோவுக்கு 15 எம்ஜி வைத்து எழுதியிருந்தார். 8 கிலோவுக்கு 120 எம்ஜி. சிரப்பில் அது சரியாக 5 எம்எல். சொட்டு மருந்தில் 1.2 எம்எல்தான். அதிலேயே 5 எம்எல் கொடுத்தால் 500 எம்ஜி உள்ளே போகும். பெரியவர்கள் போட்டுக்கொள்கிற முழு மாத்திரை அது. அளவு மீறினால் கல்லீரலைத் தாக்குகிற மருந்து. பாலாடையில் இருந்ததைக் கொட்டச் சொல்லி, அந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரில் 1.2 எம்எல் எடுத்துக் கொடுக்க வைத்தேன். அவள் கொடுத்து முடிக்கும் வரை நான் போனை வைக்கவில்லை.

இதில் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். நம் பேச்சிலேயே சிக்கல் இருக்கிறது. எம்ஜியையும் மில்லி என்கிறோம், எம்எல்லையும் மில்லி என்கிறோம். முன்னது மருந்தின் எடை, பின்னது திரவத்தின் அளவு. அப்புறம் லேபிள். ஒன்றில் 5 எம்எல்லுக்கு, இன்னொன்றில் 1 எம்எல்லுக்கு. பாட்டில் சின்னது, குடிக்கிற குழந்தையும் சின்னது, அதனால் மருந்தும் லேசாகத்தான் இருக்கும் என்று மனசு நினைத்துக்கொள்ளும். நிஜம் நேர்மாறு. கைக்குழந்தை நிறையக் குடிக்காது, துப்பிவிடும் என்பதால்தான் கொஞ்ச அளவிலேயே மருந்தை அடர்த்தியாக வைக்கிறார்கள். அமெரிக்காவிலும் இதே குழப்பம் இருந்தது. 2011இல் அங்குள்ள கம்பெனிகள் அடர்த்தியான சொட்டு மருந்தை விட்டுவிட்டு, குழந்தைகளுக்கான திரவ மருந்து எல்லாவற்றையும் 5 எம்எல்லுக்கு 160 எம்ஜி என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்தன. இங்கேயும் அப்படி வர வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை, எந்த லேபிளாக இருந்தாலும் 1 எம்எல்லுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 120ஐ 5ஆல் வகுத்தால் 24. சிரப் 24, சொட்டு மருந்து 100. இப்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது இல்லையா?

நர்சிங் படிக்கிற பிள்ளைகள் சதவீதத்தில்தான் திணறுவார்கள். இந்த சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று இருக்கிறது. 100 எம்எல்லில் 0.9 கிராம் உப்பு என்று அர்த்தம். 0.9 கிராம் என்பது 900 எம்ஜி. 100ஆல் வகுத்தால் 1 எம்எல்லில் 9 எம்ஜி. லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்டாலும் அதே 9தான், ஏனென்றால் எடையும் அளவும் சேர்ந்தே ஆயிரம் மடங்கு கூடுகிறது. ஆக, சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் எம்எல்லுக்கு எத்தனை எம்ஜி என்று வந்துவிடும். மரத்துப்போக வைக்கிற ஊசி மருந்தான லிக்னோகெய்ன் 2 சதவீதம் என்றால் எம்எல்லுக்கு 20 எம்ஜி. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், 250 எம்ஜி. மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

அட்ரினலின் என்கிற உயிர்காக்கும் அவசர ஊசி மருந்துதான் எனக்குப் பயமான இடம். அதன் பழைய ஆம்பூலில், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில், 1:1000 என்று இருக்கும். 1000 எம்எல்லில் 1 கிராம், அதாவது எம்எல்லுக்கு 1 எம்ஜி. 1:10,000 என்றால் எம்எல்லுக்கு 0.1 எம்ஜி, அதாவது 100 மைக்ரோகிராம். எண் பெரிதாக ஆக மருந்து நீர்த்துப்போகிறது. உயிர் ஊசலாடும் நேரத்தில் யாருக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு ஓடும்? அமெரிக்காவில் 2016இல் இந்த விகித முறையையே லேபிளிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். மைக்ரோகிராமையும் குறியீடாகக் கிறுக்காமல் முழு வார்த்தையாக எழுதுங்கள். அவசரத்தில் அதை எம்ஜி என்று படித்தால் ஆயிரம் மடங்கு பிசகிவிடும்.

லேப் ரிப்போர்ட் சுலபம். டெசிலிட்டர் என்பது 100 எம்எல். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராம் என்றால் லிட்டருக்கு 120. கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் சுகர் 7 என்று சொன்னால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அங்கே லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள்; அது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்கிற அலகு, எடை இல்லை. 18ஆல் பெருக்குங்கள், நம் கணக்கில் டெசிலிட்டருக்கு 126 எம்ஜி.

கடைசியாக டிராப்பர். ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொரு பாட்டிலில் போடாதீர்கள், கோடுகள் ஒரே மாதிரி இருக்காது. சரி, வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் வீட்டுக் காய்ச்சல் மருந்தை எடுத்து வாருங்கள். 1 எம்எல்லுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, மார்க்கரால் பாட்டில் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.