வினைக்கு அருகில் நிற்பது எழுவாய்தானா?
(நாகர்கோவிலை அடுத்த ஓர் ஊர்ப்புற நூலகத்தில், ஆங்கில மொழித்தேர்வுக்குப் படிப்போர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தேர்வுக்கு ஆயத்தமாகிவரும் தம்பி தங்கைகளே,

களியக்காவிளையில் பேருந்து ஏறிப் பாறசாலையில் இறங்குகிறவர், அந்தச் சிறு தொலைவுக்குள் வினைச்சொல்லின் வாலையே கழற்றி வைத்துவிடுகிறார். இந்தப் பக்கம் அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது, அவர்களுக்கு நாகர்கோவில் பேச்சில் ‘அவிய வந்தாவ’. அந்தப் பக்கம் மலையாளத்தில் அவனுக்கும் அவளுக்கும் அவர்களுக்கும் ‘வந்நு’ ஒன்றே போதும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம் நம்முடையது. ஆகையால் இரண்டு பழக்கமும் நம் காதுக்குப் புதியவை அல்ல. ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால், அதன் எழுவாய் வினை இயைபில் பாதி விளங்கிவிடும்.

இறந்தகாலத்தில் அது மலையாளத்தைப் போன்றது. யார் வந்தாலும் ‘கேம்’தான். நிகழ்காலத்தில் மட்டும், அதுவும் படர்க்கை ஒருமைக்கு மட்டும், தமிழைப் போல ஒரு விகுதியைக் கேட்கிறது: ‘ஹி கம்ஸ்’. இந்த ஒழுங்குக்குள் அடங்காதவற்றில் முதன்மையானது ‘பீ’ என்னும் வினை. அது நிகழ்காலத்தில் ஆம், இஸ், ஆர் என மூன்றாகவும், இறந்தகாலத்தில் வாஸ், வேர் என இரண்டாகவும் பிரிகிறது. மனப்பாடம் செய்ய வேண்டியது பெரும்பாலும் அவ்வளவே.

‘டஸ் ஹி கம்ஸ்?’, ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று எழுதுகிறவர்களைப் பலர் நையாண்டி செய்கிறார்கள். ஆனால் இந்தப் பிழையைத் திருத்தும் வழி தமிழிலேயே இருக்கிறது. அவன் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை: இந்த எதிர்மறையில் நம் வினையும் பால் காட்டுவதில்லை, காலமும் காட்டுவதில்லை. ‘வர’ என்று வெறுமனே நிற்கிறது. அதேபோல ‘டஸ்’, ‘டிட்’ இரண்டும் எண்ணையோ காலத்தையோ தாம் சுமந்துகொண்டபின், அடுத்து வரும் வினை வெறும் ‘கம்’, வெறும் ‘கோ’ ஆகிவிடுகிறது.

இனி, நானே வழுக்கி விழுந்த இடத்துக்கு வருகிறேன். இளவயதில் வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். சான்றிதழ்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது என்பதை ‘த லிஸ்ட் ஆஃப் த சர்டிஃபிகேட்ஸ் ஆர் என்க்ளோஸ்ட்’ என்று எழுதியிருந்தேன். விண்ணப்பம் திரும்பி வந்தபோது அந்த ‘ஆர்’ மேல் யாரோ பென்சிலால் சிறு வட்டம் போட்டிருந்தார்கள். வேலை கிடைக்காததைவிட அந்த வட்டம்தான் உறுத்தியது. ஏன் தவறு செய்தேன் என்பது வெகுநாள் கழித்தே புரிந்தது.

தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சிப்பூக்களின் விலை ஏறுகிறது என்கிறோம். இங்கே அடைமொழிகள் எல்லாம் முன்னால் வந்துவிடுவதால், ‘விலை’ என்னும் எழுவாய் ‘ஏறுகிறது’ என்னும் வினையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தமிழில் பெரும்பாலும் இப்படித்தான். ஆங்கிலமோ விலையை முதலில் சொல்லி, பூக்களையும் சந்தையையும் அதன் பின்னால் தொங்கவிட்டு, கடைசியில்தான் வினைக்கு வருகிறது. தமிழுக்குப் பழகிய நம் காது வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரையே எழுவாய் என்று எண்ணி, பூக்களைப் பார்த்துப் பன்மையைப் போட்டுவிடுகிறது. என் பட்டியலும் இப்படித்தான் சான்றிதழ்களிடம் தோற்றது. ‘ஒன் ஆஃப் த போட்ஸ்’ என்று தொடங்கினால் பேசப்படுவது ஒரு படகுதான். எனவே நிகழ்கால வினை ஒருமைக்கு உரியதாகவே வர வேண்டும்.

பெயரின் பாலும் வினையின் பாலும் ஒன்றோடொன்று மயங்கக் கூடாது என்பது தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்னும் இயலின் விதி. அந்நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசான் நம் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்று நாம் பெருமை பேசுகிறோம். ஆனால் பேச்சில் ‘மாடுகள் வந்தது’ என்றுதானே சொல்கிறோம்? இந்தத் தளர்ச்சி ஆங்கிலத்துக்குள்ளும் நுழைந்து, பன்மைக்கு ‘இஸ்’ போட வைக்கிறது. எல்லாரும் வந்தார்கள் என்ற பன்மைப் பழக்கம், ஒருமை வினை கேட்கும் ‘எவ்ரிஒன்’ என்ற சொல்லையும் கெடுக்கிறது. அப்பா வருகிறார் என்று மரியாதை சேர்த்துப் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் அந்த மரியாதையைத் துறந்தாக வேண்டும். அங்கே அப்பாவும் ஆட்டுக்குட்டியும் ஒரே விகுதிக்காரர்கள்.

வினைகளுக்குள் வரும் குழப்பத்தில் பெரியது ‘லை’, ‘லே’ என்னும் இரட்டையர். தன்வினை, பிறவினை அறிந்த நமக்கு இது எளிதாக இருந்திருக்க வேண்டும். முற்றத்துப் பாயில் நான் கிடக்கிறேன் என்பது ‘லை’. குழந்தையைப் பாயில் கிடத்துகிறேன் என்பது ‘லே’. எழு, எழுப்பு என்ற வேறுபாடே ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இரண்டுக்கும். சிக்கல் எங்கே என்றால், நேற்றுக் கிடந்தேன் என்பதற்கும் ‘லே’தான் வருகிறது, கிடத்தினேன் என்பதற்கோ ‘லெய்ட்’. கோழி இட்ட முட்டைக்கும் இந்த ‘லெய்ட்’டே உரியது. எதை என்ற கேள்விக்கு விடை இருந்தால், அது குழந்தையானாலும் முட்டையானாலும், ‘லே, லெய்ட்’ வரிசைக்குப் போங்கள்.

சொன்னான் என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் இரண்டாகப் பிரிப்பதால் ‘ஹி செட் மீ’ பிறக்கிறது. யாரிடம் என்பதை ஒட்டிச் சொல்வதானால் ‘டோல்ட் மீ’. ‘செட்’ வேண்டுமென்றால் நடுவில் ‘டு’ வேண்டும். இரவல் கொடுப்பது ‘லெண்ட்’, வாங்குவது ‘பாரோ’.

உங்கள் கையில் உள்ள தாளில் முதல் வாக்கியம் குளச்சலில் கரையேற்றி வைத்திருக்கும் ஒரு பழைய படகின் இரண்டு எஞ்சின்களைப் பற்றியது: ‘த எஞ்சின்ஸ் ஆஃப் த ஓல்ட் போட்...’ அதன் பின்னால் வருவது ‘நீட்’ ஆ, ‘நீட்ஸ்’ ஆ? பின்வரிசையில் இருக்கும் தங்கை முதலில் சொல்லட்டும்.