முதலில் எந்தக் காட்டுக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் 5. ஆனைமலை, முதுமலை, முக்குருத்தி, கிண்டி, மன்னார் வளைகுடா. இதில் முதலில் எங்கே போகலாம் என்று கேட்பவர்கள் அடுத்த மூச்சிலேயே "புலி பார்க்க முடியுமா?" என்றும் கேட்டுவிடுகிறார்கள். புலியை நம்பிக் கிளம்பினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். என்னைக் கேட்டால், எந்தப் பூங்கா நம்மை எவ்வளவு தூரம் உள்ளே விடுகிறது என்று பார்த்து வரிசை போடலாம்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தைவிடத் தேசியப் பூங்காவுக்குக் கட்டுப்பாடு அதிகம். சரணாலயத்தில் மாடு மேய்க்க அனுமதி கிடைக்கலாம், தேசியப் பூங்காவில் அதுவும் கிடையாது. நமக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் பூங்காவின் ஓரமும் அதை ஒட்டிய காடும்தான்.

அந்தக் கணக்கில் என் ஓட்டு முதலில் ஆனைமலைக்கு. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச்சாவடி தாண்டி மேலே ஏறினால் டாப்ஸ்லிப். அங்கே வனத்துறை விடுதியில் தங்கலாம், வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கலாம். இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது பெரிய விஷயம். வண்டியில் போகும்போது காடு நம்மைக் கடந்து ஓடிவிடுகிறது. நடந்தால்தான் யானை போன தடமும் கரடி கிளறிய புற்றும் கண்ணில் படும்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் இங்கே தேக்கை வெட்டித் தள்ளினார்கள். கட்டைகளை மலை மேலிருந்து சரித்து விடுவார்களாம். காடு மொட்டையான பிறகு வந்த ஹியூகோ உட் என்ற வன அதிகாரி, அடிமரத்தை விட்டு வெட்டி மறுபடி துளிர்க்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். புதுத் தேக்கும் நட்டார். அவருடைய கல்லறையும் அந்த மரங்களுக்கு நடுவேதான் இருக்கிறது. அப்புறம், இருவாச்சிப் பறவை. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பறவை அத்திப்பழம் கொண்டு வந்து அதன் வழியாக ஊட்டும். கோடை தொடங்கும் மாதங்களில் போனால் இந்தக் குடித்தனத்தைத் தூரத்தில் நின்று பார்க்க வாய்ப்பு உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அட்டைக்கடிக்குத் தயாராக இருக்க வேண்டும். கேரளத்துப் பரம்பிக்குளத்துக்கும் சாலை இந்த வழியாகத்தான், ஒருநாள் கூடுதலாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முதுமலை. இங்கே நடக்க விடமாட்டார்கள், வனத்துறை வண்டியில்தான் சவாரி. காலையும் மாலையும் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்க்கலாம். காசு குறைவாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போகும் அரசுப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காருங்கள். பேருந்து காட்டுக்கு நடுவேதான் போகிறது. புள்ளிமானும் மயிலும் தெரிந்துவிடும், கொடுத்துவைத்திருந்தால் யானையும் தெரியும். சொந்த வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், அரசுப் பேருந்தில் போனால் அந்த வேலையும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து காடு வெளிச்சமாக இருக்கும், விலங்குகளும் தண்ணீரைத் தேடி வரும். ஆனால் அதுதான் காட்டுத்தீக் காலமும். தீ பயம் இருந்தால் சவாரியை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், 1986இல் தேசியப் பூங்கா ஆனவை. பவளப்பாறை, கடற்புல், அதை மேயும் ஆவுளியா என்ற கடல்பசு என்று ஒரு தனி உலகம். தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு உண்டு, அதில் போங்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அதனால் இந்தக் கெடுபிடிமேல் எனக்குக் கோபம் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் வரிசை மாறும். உங்களுக்குக் கிண்டிதான் முதலில். 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பூங்கா அது. வெளிமானும் புள்ளிமானும் நரியும் நகரத்துக்கு நடுவே பிழைத்துக் கிடக்கின்றன. குழந்தைகளுக்குப் பக்கத்திலேயே சிறுவர் பூங்கா இருக்கிறது. பெரிய காடு பார்த்த திருப்தி வராது, ஆனால் செலவு குறைவு.

முக்குருத்தியைக் கடைசிக்குத் தள்ளுகிறேன். ஐந்தில் அழகு அதற்குத்தான் என்பது என் கட்சி. புல்வெளியும் சோலையும் மாறி மாறி வரும் மலை. ஆனால் போய்வர அனுமதி சுலபத்தில் கிடைக்காது, கிடைக்காமல் இருப்பதே அந்தப் புல்லுக்கு நல்லது. நம் மாநில விலங்கான வரையாட்டைப் பார்க்கத்தான் ஆசை என்றால் மூணாறு பக்கம் இரவிகுளத்துக்குப் போகலாம். குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் வாக்கில் அங்கே மூடிவிடுவார்கள். அதுவும் தோதுப்படவில்லையா? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் பாறையில் கண் வையுங்கள். பல நாட்களில் வரையாடு அங்கேயே நிற்கும். முறுக்கு, பிஸ்கட் எதையும் நீட்ட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.