லாகோஸின் முதல் ஆளுநர்

நேயர்களுக்கு வணக்கம்.

1967 மே 27 அன்று நைஜீரியாவின் ராணுவத் தலைவர் யாகுபு கோவன், நாட்டின் நான்கு பிராந்தியங்களைக் கலைத்துப் பன்னிரண்டு மாநிலங்களை அறிவித்தார். மூன்றே நாளில் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்ற பெயரில் பிரிந்துபோனது. ஜூலையில் போர் மூண்டது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றான லாகோஸ் மாநிலத்துக்கு முதல் ஆளுநராக வந்தவர் மொபோலாஜி ஜான்சன். அப்போது அவருக்கு வயது 31. அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர் ஜான்சன். 1966 ஜனவரியில் நடந்த ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த ஜெனரல் அகுயி இரான்சி, தலைநகர் லாகோஸின் நிர்வாகியாக இவரை அமர்த்தினார். அந்த ஆண்டில் இப்படியொரு பதவி உயிருக்கே ஆபத்தானது. ஜூலை 29-இல் இபாதான் நகரில் இரான்சியையும், அவருக்கு விருந்தளித்துக்கொண்டிருந்த மேற்குப் பிராந்திய ஆளுநர் ஃபஜூயியையும் சிப்பாய்களே பிடித்துச் சென்று கொன்றார்கள். அந்த ஆண்டைக் கடந்து வந்துதான் ஜான்சன் ஆளுநரானார்.

புதிய மாநிலம் என்றால் என்ன இருந்தது? தலைநகர் லாகோஸ் அதுவரை மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் இருந்த ஊர். இக்கேஜா, எப்பே, படாக்ரி ஆகிய பகுதிகள் மேற்குப் பிராந்தியத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் இணைத்து, ஊழியர்களைச் சேர்த்து, துறைகளைப் பிரித்து, ஒரு மாநில அரசை அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. 1968 ஏப்ரலில்தான் மாநில நிர்வாகம் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. அதிலும் ஒரு சிக்கல்: நாட்டின் தலைநகரும் மாநிலத்தின் தலைநகரும் ஒரே ஊர். ஒரே தெருவில் இரண்டு அரசுகள்! மத்திய அரசின் தலைவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, மாநில ஆளுநர் தன் குரலை எந்த அளவுக்கு உயர்த்த முடியும்? இக்கேஜாவுக்கு மாநிலத் தலைநகர் மாறியது 1976-இல். அதற்குள் ஜான்சன் பதவியை விட்டுப் போய்விட்டார்.

போர் 1970 ஜனவரியில் முடிந்தது. அதன்பின் எண்ணெய்ப் பணம் வந்தது. பணத்தைத் தேடிக் கிராமங்களிலிருந்து மக்கள் லாகோஸுக்கு வந்தார்கள். 1972-இல் நாடு முழுவதும் வாகனங்கள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. 1973-இல் ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டிகள் லாகோஸில் நடந்தன. இத்தனை நெருக்கடிக்கும் நடுவில், படாக்ரி, எப்பே என்று மாநிலத்தின் இரு கோடிகளுக்கும் சாலை போடும் பணியை ஜான்சன் முன்னெடுத்தார்.

ஆனால் இவரைப் பற்றி நான் பேச விரும்பியதற்குக் காரணம் சாலைகள் அல்ல.

1975 ஜூலை 29-இல் கோவன் கவிழ்ந்தார். புதிய தலைவர் முர்தலா முகமது, பன்னிரண்டு ஆளுநர்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பி, அவர்களுடைய சொத்துக்களை விசாரிக்க ஒரு குழுவை அமைத்தார். எண்ணெய்ப் பணம் பெருக்கெடுத்த காலத்தில், கேள்வி கேட்கச் சட்டமன்றமே இல்லாத ஆட்சியில், பல ஆண்டுகள் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். முடிவு வந்தபோது பத்துப் பேர் முறைகேடாகச் சொத்துச் சேர்த்தவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். குற்றமற்றவர்கள் இருவர் மட்டுமே: மேற்கு மாநில ஆளுநர் ஒலுவோலே ரொட்டிமி, லாகோஸின் ஜான்சன்.

இதை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். துறைமுகமும் நிலமும் ஒப்பந்தங்களும் குவிந்துகிடந்த இடம் லாகோஸ். மற்ற எந்த ஆளுநரைவிடவும் அதிகமான ஆசைகள் அவர் மேசைக்குத்தான் வந்திருக்கும். அவரை விசாரித்ததோ, அவரைப் பதவியிலிருந்து இறக்கிய அரசு. அவரைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அதற்குத் துளியும் இல்லை. அப்படியிருந்தும் கறை இல்லை என்று தீர்ப்பு வந்தது. ராணுவ ஆட்சியை நான் எந்த நாளும் ஆதரிப்பவன் அல்லன். தேர்தலில் நிற்காமல் ஆண்டவர்தான் ஜான்சனும். ஆனாலும் அந்த நாற்காலியில் அமர்ந்து கை சுத்தமாக எழுந்துபோனார் என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

ராணுவத்திலிருந்து பிரிகேடியராக ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 39. பின்னாளில் ஜூலியஸ் பெர்கர் கட்டுமான நிறுவனத்தில் இயக்குநராகப் பணியாற்றினார். 2019 அக்டோபர் 30 அன்று, 83-ஆம் வயதில் காலமானார். லாகோஸில் இன்று ஒரு விளையாட்டரங்கமும் ஒரு ரயில் நிலையமும் அவர் பெயரில் இருக்கின்றன.

வணக்கம்.