முட்டுக்கட்டை போடுகிறவர்கள்

(கண்மாய்ப் பாசன விவசாயிகள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் ஒன்றிய முன்னாள் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருக்கும் உதவிப் பொறியாளர் அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த ஊர்ப் பெரியவர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. ஆறாவது பொன்னாடை, வீட்டில் திட்டு விழும்.

சட்டம், பணம், ஆட்கள் என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்போம். இழுத்தால் மட்டும் போதுமா? திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. திருச்சி பெல் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கே இருக்கிறது. இருந்தும் வீதி முனையில் தேர் திரும்ப, சக்கரத்தடியில் கட்டை போடும் ஆள் வேண்டும். அதிகாரி முட்டுக்கட்டை போடுகிறார் என்று திட்டுகிறோமே, உண்மையில் அவர் வேலையே அதுதான். சரியான நேரத்தில் போட வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கு. தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

நான் வேலை பார்த்த ஊரில் ஓர் ஐப்பசி. மழை கொட்டுகிறது, கண்மாய்க்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ரோட்டுக்கு அடியில் குழாய் அடைத்துக் கிடக்கிறது. குழாய் எங்களுடையது, மண் உங்களுடையது என்றார் ரோட்டுக்காரர். முன்னால் நிற்கும் கருவேலத்தை ஏலம் விடாமல் வெட்டக்கூடாது என்றது பஞ்சாயத்து. இடையில் ஒரு மின்கம்பம். மீன் குத்தகைக்காரரோ, ஒரு வாரம் பொறுங்கள், வலை கிடக்கிறது என்கிறார். கடிதம் எழுதியிருந்தால் பதில் வருவதற்குள் தை பிறந்திருக்கும். நாலு நாள் போனிலேயே பேசி, ஐந்தாம் நாள் எல்லாரையும் டீக்கடைக்கு வரவழைத்தேன். அவர்கள் யாரும் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அல்ல. என் கையில் இருந்த அதிகாரம் நாலு தட்டு வடை!

பேச்சு முற்றிக் கைகலப்பாகும் நேரம், பெஞ்சு ஓரத்தில் இருந்த கிழவர் இருமினார். பழைய நீர்பாய்ச்சி, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விட்டவர். "குழாயை ஏன்யா நோண்டுறீங்க? வடக்கே முப்பதடி தள்ளி எங்கப்பன் காலத்துப் பாலம் மண்ணுக்குள்ள கெடக்கு." தோண்டினோம், இருந்தது! மரமும் தப்பியது, கம்பமும் தப்பியது. ரோட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளில் வடை எண்ணெய் இன்னும் இருக்கிறது. அப்புறம் மூன்றாம் நாள் தண்ணீர் மடையைத் தொட்டது. மீன்காரர் மட்டும் என்னோடு பேசவில்லை.

ஊர் கூடித் தேர் இழுத்தது. கட்டை போட்டவர் அந்தக் கிழவர். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நமக்குப் பாசன சங்கம் வந்தது, சரி. நீர்பாய்ச்சிக்குக் கூலியாக அளந்த களத்து நெல் எங்கே போனது? கண்மாய்க்கு ஒருவர், அவருக்கு மாதச் சம்பளம், தாலுகா கூட்டத்தில் அதிகாரிகள் பக்கத்தில் ஒரு நாற்காலி. நான் ஊர் ஊராகக் கேட்பது இதுதான்.

பணத்தைப் பற்றிப் பேசவில்லையே என்று தலைவர் பார்க்கிறார். இலை போட்டாயிற்றாம், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். நீர்பாய்ச்சிக்காக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய மனு அந்தப் பந்தல்கால் பக்கம் மேசையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான், எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.