நோட்டை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூர் அல்சூர் பக்கம் நான் தமிழர்களுக்குக் கன்னடம் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் கன்னடம் மட்டுமே கற்பவர் என்று அநேகமாக யாரும் இல்லை. பகலில் ஐடி வேலை, ராத்திரி ஆன்லைனில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி, சனிக்கிழமை கீபோர்டு வாசிப்பு, ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூல், இதற்கு நடுவில் கன்னடம். ஒன்றை உருப்படியாக முடி, அப்புறம் அடுத்ததைப் பார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலைந்து விஷயங்களைச் சேர்த்தே கற்கலாம், அதில் ஒரு லாபமும் இருக்கிறது.

ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்று ஒருவர், பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது, அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்று கண்டார். அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 12 அசை கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் தொடர்ந்து 68 தடவை படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பிரித்து 38 தடவை படித்தபோதே கிடைத்துவிட்டது. ஆக, ஒரு பாடத்துக்கும் அதன் அடுத்த தடவைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். கையில் மூன்று நான்கு பாடம் வைத்திருப்பவருக்கு அந்த இடைவெளி தானாகவே கிடைத்துவிடும், கன்னடத்தை விட்டு கீபோர்டுக்குப் போகும் நாளெல்லாம் கன்னடத்துக்கான இடைவெளிதானே.

ஆனால் திரும்பி வரும்போது என்ன செய்கிறோம்? முக்கால்வாசிப் பேர் நோட்டைத் திறந்து மறுபடி வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திருப்பிப் படித்தவர்களும் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திருப்பிப் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். அதனால்தான் என் வகுப்பில் முதல் பத்து நிமிடம் நோட்டுக்கு வேலை கிடையாது. போன வாரம் படித்த எழுத்துகளை வெள்ளைத்தாளில் எழுத வேண்டும், திணறினாலும் பரவாயில்லை, அந்தத் திணறலில்தான் எழுத்து மனதில் பதிகிறது. வெளியே போனாலும் இதையே செய்யலாம். மெட்ரோ ஸ்டேஷன் போர்டில் கீழே இருக்கும் ஆங்கிலத்தைக் கண் தொடுவதற்கு முன்னால் கன்னடத்தைப் படித்துவிடுங்கள், அப்புறம் சரியா என்று பாருங்கள். காசு செலவில்லாத பரீட்சை அது.

சரி, எதை எதோடு சேர்ப்பது? இதில் நான் கறாராக இருப்பேன். கன்னட எழுத்தையும் தெலுங்கு எழுத்தையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை, பல எழுத்துகள் ஒரு சின்னக் கோட்டில்தான் வேறுபடுகின்றன, இரண்டுமே அரைகுறையாக இருக்கும்போது ஒன்றை ஒன்று கெடுக்கும். கன்னடத்தோடு டிரைவிங், கன்னடத்தோடு கீபோர்டு, பிரச்சினையே இல்லை. புதிதாக அடி எடுத்து வைப்பது ஒரு சமயத்தில் ஒன்றாக இருக்கட்டும், மற்றதெல்லாம் கொஞ்சமாவது கைக்கு வந்ததாக இருக்கட்டும்.

அதே சமயம், அடித்தளம் விழுந்த பிறகு நெருங்கிய விஷயங்களைக் கலந்துதான் பழக வேண்டும். பாட்டு கற்றவர்களுக்கு இது தெரியும். சங்கராபரணம், கல்யாணி என்ற இரண்டு ராகங்களுக்கும் ஸ்வரங்களில் 'ம' என்ற மத்யமம் ஒன்றுதான் வித்தியாசம். ஒரு மாதம் இது, ஒரு மாதம் அது என்று பாடுவதைவிட, இரண்டும் ஓரளவு வந்தபிறகு மாற்றி மாற்றிப் பாடினால் அந்த மத்யமம் காதில் தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். கார்னெல், பியோர்க் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் 12 ஓவியர்களின் படங்களைச் சிலவற்றைக் கலந்தும், சிலவற்றை ஒரே ஓவியருடையதாகத் தொடர்ந்தும் காட்டினார்கள். பிறகு புதுப் படத்தைக் காட்டி வரைந்தவர் யார் என்று கேட்டால், பார்த்தவர்கள், படங்களைக் கலந்து காட்டிய ஓவியர்களைத்தான் நன்றாக அடையாளம் கண்டார்கள். ஆனால் அவர்களிலேயே பெரும்பாலானவர்கள், தொடர்ந்து பார்த்ததுதான் நன்றாகப் பதிந்தது என்று நம்பினார்கள்! சுலபமாகப் போன பயிற்சியை நல்ல பயிற்சி என்று நினைத்துக்கொள்ளும் சுபாவம் எல்லோருக்கும் உண்டு.

கடைசியாக, பாதியில் விட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இவர்கள் மேல் எனக்குத் தனி அக்கறை உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு வீணையை மூடி வைத்தவர்கள், வேலை மாறியதில் இந்தி டைப்பிங்கை விட்டவர்கள், எல்லாம் மறந்துபோச்சு என்கிறார்கள். எபிங்ஹவுஸ் இதையும் அளந்தார். ஒரு வரி கூட நினைவுக்கு வராத பாடத்தை மறுபடி கற்கும்போது, முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. அதனால் வீணைக்காரர்கள் முதல் பாடமான சரளி வரிசையிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் புத்தகத்தைத் திறக்கும் முன், விரல்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். வணக்கம்.