குளவி வயிற்றில் ஒரு புதிர்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு குளவியைப் பிடித்து அதன் வயிற்றை உற்றுப் பார்த்தால் (பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்) சில சமயம் வளையங்களுக்கு நடுவே பழுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருக்கும். அது இன்னொரு பூச்சியின் தலை! ஸ்ட்ரெப்சிப்டெரா என்ற வரிசையைச் சேர்ந்த பெண் பூச்சி. இதில் பெரும்பாலான வகைகளில் பெண்ணுக்குக் காலும் கிடையாது, சிறகும் கிடையாது. சாகும்வரை குளவிக்குள்தான் குடித்தனம். ஆணுக்கு மட்டும் சிறகு உண்டு. ஆனால் வளர்ந்தபின் அதற்குச் சில மணி நேரமே ஆயுள்.

இந்தப் பூச்சி எந்தப் பூச்சிக்கு நெருங்கிய உறவு என்பதில்தான் நெடுங்காலச் சண்டை. ஈக்குப் பின்சிறகு சுருங்கி, பறக்கும்போது நிலைதடுமாறாமல் காக்கும் சிறு குமிழாகிவிட்டது. இந்தப் பூச்சிக்கு அதே மாதிரி குமிழ், ஆனால் முன்சிறகில். 1990களில் ரைபோசோம் (செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் உறுப்பு) மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், இது ஈயின் பங்காளி என்றார்கள். சிறகும் குமிழும் முன்பின்னாக இடம் மாறிவிட்டனவோ என்றுகூட யோசித்தார்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டி.என்.ஏ.வில் நான்கே எழுத்துகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்காமல் போன இரண்டு பேர், வேறு வேறு அறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறார்கள். அவர்களுடைய தப்பு விடைகளில் பல ஒத்துப்போகும். திருத்துகிறவர், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகவே நினைப்பார். வேகமாக மாறும் மரபணு வரிசைகளிலும் இப்படித்தான். தற்செயலான ஒற்றுமை உறவுபோலத் தெரியும். ஈக்களிலும் இந்தப் பூச்சியிலும் அந்த மரபணுக்கள் ஏகத்துக்கு மாறியிருந்தன.

சரி, மரபணுக்களை ஆயிரமாகக் கூட்டினால் தீர்ந்துவிடுமா? தீராது. கணக்குப் போடும் முறை அதே முறையாக இருந்தால், தப்பான விடையே இன்னும் உறுதியாக வரும். எந்த மரபணு நிதானமாக மாறுகிறது என்று சலித்தெடுக்க வேண்டும், வேகத்துக்கு ஏற்பக் கணக்கையும் மாற்ற வேண்டும். 2012இல் ஆய்வாளர் ஆலிவர் நீஹூயிஸ் குழுவினர் இந்தப் பூச்சியின் முழு மரபணுத்தொகுதியைப் படித்து அப்படித்தான் செய்தார்கள். விடை: நெருங்கிய உறவு வண்டு. 2014இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து 1,478 மரபணுக்களை வைத்துப் பூச்சிகளின் வம்சாவளியையே வரைந்தபோதும் அதே இடம்தான் கிடைத்தது. பூச்சிகள் தோன்றிச் சுமார் 48 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்றதும் அந்த ஆய்வுதான்.

அப்புறம் ஒன்று. வண்டின் முன்சிறகு வெறும் கெட்டியான மூடி. அது பறப்பது பின்சிறகால். இந்தப் பூச்சியும் அப்படியே. டி.என்.ஏ. படிக்கும் காலத்துக்கு வெகு முன்பே, பழைய உடலமைப்பு ஆய்வாளர்கள் சிலர் இதைக் காட்டித்தான் வண்டோடு சேர்த்திருந்தார்கள்.