எந்த விரலை வைத்து அளந்தார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று விரலைக் கவ்விப் பார்த்துச் சொல்லும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மருந்துக்கடையில் கிடைக்காமல், தெருவில் ஒரு வீட்டில் இருந்ததை நாலு வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றி வாங்கிப்போன காலம். காய்ச்சல் முகாமிலும் முதலில் விரலைத்தான் நீட்டச் சொன்னார்கள். 94-க்கு மேலே இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம். கீழே போனால் ஆஸ்பத்திரி, படுக்கை, ஆக்ஸிஜன் என்று அலைச்சல். அந்த எண் எல்லா விரலுக்கும் ஒரே மாதிரி உண்மை சொல்கிறதா என்று அப்போது நம்மில் யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் நாம் இல்லை.

தொழில்நுட்பத்தில் இருக்கும் பாரபட்சம் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தபோது, மருத்துவக் கருவிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தச் சின்னக் கருவிதான் நினைவுக்கு வந்தது. முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், வேலைக்கு ஆள் பொறுக்கும் மென்பொருள் என்று பெரிய உதாரணங்கள் உண்டு. ஆனால் இது நம் வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

கவ்வியின் ஒரு பக்கம் இரண்டு விளக்குகள். ஒன்று சிவப்பு ஒளி, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்ஸிஜனை இழந்த ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும். விரலைத் தாண்டி எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று எதிர்ப்பக்கத்துச் சென்சார் பார்க்கிறது. சரி, வழியில் தோலும் நகமும் எலும்பும் இருக்கின்றனவே? அதற்குத்தான் 1974-இல் ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் தக்குவோ அயோயாகி ஒரு வழி கண்டார். தோலும் எலும்பும் அசையாமல் கிடப்பவை. நாடித் துடிப்போடு கூடிக் குறைவது தமனி ரத்தம் மட்டும். துடிக்கிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தோலின் நிறம் கணக்கிலிருந்து கழன்றுவிடும். அபாரமான யோசனை. ஆனால் நிறம் முழுசாகக் கழலவில்லை.

அதோடு, அந்த ஒளிக்கணக்கை சதவீதமாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டும். அதை மனிதர்களை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். ஆரோக்கியமான ஒருவரைப் படுக்கவைத்து, மணிக்கட்டுத் தமனியில் குழாய் செருகி, முகமூடி வழியாக ஆக்ஸிஜன் குறைந்த காற்றைக் கொடுப்பார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் 100-லிருந்து 70 சதவீதம் வரை படிப்படியாக இறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் ரத்தம் எடுத்துச் சோதித்து, கருவி காட்டியதோடு ஒப்பிட்டுக் குறிப்பார்கள். தராசு நேராகத்தான் நிற்கும். படிக்கல்லை யார் உடம்பிலிருந்து வார்த்தார்கள் என்பதே கேள்வி. வெகுகாலம் வெளுத்த தோல்காரர்கள்தான் அதிகம் படுத்தார்கள். 2013-இல் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. தந்த வழிகாட்டுதல் கேட்டதே, குறைந்தது 10 பேரிடம் சோதனை, அதில் கறுத்த தோலுள்ளவர் 2 பேர் அல்லது 15 சதவீதம்.

கறுத்த தோலில் கருவி கூட்டிக் காட்டுகிறது என்பதை 2005-இலேயே சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் எழுதிவிட்டார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மானுடவியலாளர் ஏமி மோரன்-தாமஸ் இதைப் பற்றிக் கட்டுரை எழுத, அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டினார்கள். விரலில் 92 முதல் 96 வரை காட்டியவர்களில், ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். குறைத்துக் காட்டியிருந்தால் வீண் பயம், வீண் செலவு, அவ்வளவுதான். கூட்டிக் காட்டினால், மூச்சு முட்டுகிற நோயாளியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இங்கே வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது. அயோயாகி எந்த நிறத்தையும் வெறுத்தவரில்லை. பக்கத்தில் கிடைத்தவர்களைப் படுக்கவைத்தார்கள், அவ்வளவே. மென்பொருளிலும் இதே கதைதான். அமெரிக்க மருத்துவமனைகள் கூடுதல் கவனிப்புக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய ஒரு நிரலை 2019-இல் ஸியாத் ஓபர்மேயர் குழுவினர் ஆராய்ந்தார்கள். அதில் இனம் என்ற கட்டமே கிடையாது. ஆனால் யாருக்கு நோய் அதிகம் என்பதை, யாருக்குச் செலவு அதிகம் ஆகும் என்பதை வைத்து அது ஊகித்தது. வசதியும் வழியும் இல்லாமல் மருத்துவமனைக்குக் குறைவாகப் போனவர்கள் அதன் கண்ணுக்கு ஆரோக்கியசாலிகள்! அதைத் திருத்தினால், கூடுதல் உதவிக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். இனத்தைக் கேட்கவில்லை, அதனால் பாரபட்சம் இல்லை என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன்.

நம் கதைக்கு வருவோம். அந்த மிச்சிகன் ஆய்வு ஆளைப் பிரித்தது படிவத்தில் எழுதிய இனத்தை வைத்து. அந்தப் படிவத்தில் கொரியாக்காரரும் ஆசியர், கோவில்பட்டிக்காரரும் ஆசியர். நம் வீடுகளிலோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று சிவப்பு, ஒன்று மாநிறம், ஒன்று நல்ல கறுப்பு. ஆகவே தோலையே நேரடியாகப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. தோலை வகைப்படுத்தும் பழைய ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் வந்தது. வெயில் பட்டால் தோல் கன்றுமா, கறுக்குமா என்று பார்க்கத்தான் அதை உருவாக்கினார்கள். இப்போது ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த 10 நிற அளவுகோல் இருக்கிறது. 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவு அதைத்தான் எடுத்துக்கொண்டது. சோதனைக்கு 150 பேராவது வேண்டும் என்றும் சொன்னது. 10 எங்கே, 150 எங்கே! வரைவுதான் என்றாலும், நம் மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கருவி வாங்குகிறவர்கள் டெண்டரிலேயே இதைக் கேட்கலாம்: எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், அவர்கள் என்ன நிறம்?

வீட்டில் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைத் தூக்கிப்போட வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கும் நாளில், நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்து போகாத விரலில் வைத்துப் பார்த்து உங்கள் வழக்கமான எண்ணை எழுதிவையுங்கள். காய்ச்சல் நேரத்தில் அந்த எண்ணிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உதடு நிறம் மாறுகிறது, பேச்சு குழறுகிறது என்றால், கருவி 96 காட்டினாலும் டாக்டரிடம் கிளம்பிவிடுங்கள்.

வணக்கம்.